மூடிக்கொண்ட இடது கண்

அத்தியாயம் பதினான்கு

பொம்மை இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு படுத்திருந்தது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று போன வாரம் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். முப்பத்து நாலு வருஷமாக அந்தக் குடும்பம் பயந்தது, பொம்மை ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியதற்கு. பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிக்குள் அது சமர்த்தாகக் கண்மூடிக் கிடந்ததை வாசற்படிக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, தம்பி சின்னவன்கூட "அப்பாடா" என்று மூச்சு விட்டான்.

அக்கா பெரியவள் மட்டும் பெட்டியை மூடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏனென்றால் அந்த இடது கண் மூடவே முடியாது. மூட முடியாதபடி செய்தவள் அவள். பத்து வயதில், இதே கையால்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பொம்மையைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், மருந்துக் கிடங்கை அடுத்த சின்ன அறை அவளுடையது. கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து பொருத்துவது அவள் தொழில். வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். வந்தவரை ஒன்றில் உட்காரவைத்து, இன்னொன்றில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, இருக்கிற கண்ணைப் பார்த்துப் பார்த்து இல்லாத கண்ணை வரைவாள். விழி வெள்ளையில் தெரியும் நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டுவாள். போன மாதம் ஒரு காவலாளி வந்து, "இன்னும் கொஞ்சம் சிவப்பாப் போடுங்கம்மா. ஒரு கண்ணு மட்டும் நல்லவன் மாதிரி இருந்தா வீட்ல சந்தேகப்படுவாங்க" என்றார். போட்டுக்கொடுத்தாள்.

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன் என்று சொல்லுவாள். அது உண்மைதான். அந்த விளம்பரத்தை ஏன் கத்தரித்து எடுத்துக்கொண்டாள் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

பெரியவளுக்கு எட்டு வயதில் அம்மா போனாள். பத்து வயதில் சித்தி வந்தாள். அப்பா புத்தகம் பைண்டிங் செய்பவர். வாயைத் திறந்தால் பசையும் நூலும் பற்றி மட்டும் பேசுகிற மனுஷர். சித்தி வரும்போது ஒரு தகரப் பெட்டியும், இரண்டு வயதுப் பிள்ளை அளவுக்கு ஒரு பொம்மையும் கொண்டுவந்தாள். படுக்கவைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும் பொம்மை. சித்திக்கு முதல் கல்யாணத்தில் பிறந்து, நாலு வயதில் காய்ச்சலில் போன பெண் குழந்தையின் பொம்மை அது. அந்தக் குழந்தையைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்களாம். பொம்மையையும் சித்தி பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் குட்டித் தலையணையில் அதைப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுப்பாள்.

அதுகூடப் பெரியவளுக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. முடியாமல் போனது வேறொன்று. ஆறு வயதுத் தம்பி, சித்தி வந்த ஒரே மாதத்தில் அவளை "அம்மா" என்று கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். அம்மாவின் முகம் அவனுக்கு மறந்தே போய்விட்டது என்று பெரியவளுக்குத் தோன்றியது. அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வீட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்றும் தோன்றியது. பத்து வயதுப் பெண்ணின் மண்டைக்கு அது தாங்காத பாரம்.

பொம்மையின் கழுத்து இடுக்கில் ஒரு ஹேர்பின்னை விட்டு, இடது கண்ணுக்குப் பின்னால் ஊசலாடும் ஈயக் கட்டியில் முட்டுக்கொடுத்தாள். அவ்வளவுதான். அன்று மத்தியானம் சித்தி படுக்கவைத்தபோது பொம்மை வலது கண்ணை மட்டும் மூடியது. இடது கண்ணால் விட்டத்தைப் பார்த்தது. அப்புறம் பெரியவள் அதை ஜன்னலில் உட்காரவைத்தாள், தம்பியின் தலைமாட்டில் படுக்கவைத்தாள். "அது நடக்குதுடா. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கு" என்று அவன் காதில் ஓதினாள். ஒரு சாயங்காலம் மாடிப்படியில் அதைப் பார்த்துவிட்டு ஓடிய தம்பி உருண்டு விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். மறுநாள் அப்பா பொம்மையைப் பெட்டியில் பூட்டிப் பரணில் ஏற்றினார். "கொஞ்ச நாள் உன் அக்கா வீட்டுல இரு" என்று சித்தியைக் கொண்டுபோய் விட்டார்.

கூட்டிவரப் போகவே இல்லை.

போன மாதம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாளும் "பரண், பரண்" என்று பிதற்றிக்கொண்டிருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பெரியவள் சித்திக்குக் கடிதம் எழுதி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒரே வரியில் பதில் வந்தது. 'பாப்பாவை மட்டும் குடு.' இன்றைக்குச் சித்தி வருகிறாள். நாலு மணி பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவாள். அடுத்த வாரம் அக்கா மகனோடு கடல் தாண்டி எங்கேயோ குடிபோகிறாள். எழுபது வயதுக்காரி. இனி வரப்போவதில்லை.

ஆகவே நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

*

பெரியவள் மேஜை விளக்கைப் போட்டுப் பொம்மையைக் கவிழ்த்தாள். மண்டைத் திறப்பை மூடும் முடித்தொப்பியைத் தூக்கிப் பார்க்கலாம் என்று விரலை விட்டவளுக்குக் கை அப்படியே நின்றது.

அது பசை போட்டு ஒட்டிய தொப்பி. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அது தைக்கப்பட்டிருந்தது. தலையின் விளிம்பைச் சுற்றி, அளவெடுத்த மாதிரி சமதூரத்தில் ஓட்டைகள். அவற்றுக்குள் மெழுகு தடவிய தடித்த நூல். முடிவில் இரட்டை முடிச்சு. அதன் வால் திரும்ப உள்ளே செருகப்பட்டிருந்தது.

அந்த முடிச்சு தெரியாத ஆள் அந்த வீட்டில் கிடையாது. அப்பா கட்டிய ஆயிரம் கணக்குப் புத்தகத்தின் முதுகில் அதைப் பார்த்தவள் அவள்.

கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். தலைக்குள் எதையும் இடிக்காமல், ஓரமாக, ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. புத்தக அட்டைக்கு உள்பக்கம் ஒட்டுகிற, மேகம் மேகமாகச் சாயம் ஓடிய காகிதம். பிரித்தாள். முனையில் கறுப்புப் பூச்சு உதிர்ந்த ஒரு ஹேர்பின். காகிதத்தின் உள்ளே பென்சிலால் ஒரு தேதி. எந்த வேலை முடிந்தாலும் தேதி போட்டுவைப்பது அப்பாவின் வழக்கம்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தம்பி விழுந்த நாள் அவளுக்கு மறக்காது. மறுநாள் சித்தி போனாள். அதிலிருந்து பதினோராவது நாள்.

பதினோரு நாளில் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் ஹேர்பின் வைத்திருந்தது யார்? சித்தி வெறும் கையால் கொண்டை முடிகிறவள். அவள் தொட்டதே இல்லை. வீட்டில் ஒரே ஒருத்திதான் இரட்டைப் பின்னலில் பக்கத்துக்கு இரண்டு செருகிக்கொண்டு திரிந்தாள்.

இப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அதற்கப்புறம் வீட்டில் ஹேர்பின்னே வாங்கவில்லை. தினமும் காலையில் அப்பாவே உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னி, நுனியைப் பைண்டிங் நூலால் முடிந்துவிட்டார். கல்யாணமாகிப் போகும்வரை. அம்மா இல்லாத பெண் என்று செல்லம் கொடுக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், முடிச்சைப் போட்டுவிட்டு அவள் தலைமேல் கையை வைத்து ரொம்ப நேரம் எடுக்காமல் இருந்தார். என்னப்பா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

கேட்டிருக்கலாமே அப்பா! ஒரு அறை விட்டிருக்கலாமே! என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் அந்த மனுஷியை விட்டுக்கொடுத்தீர்களா? மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். செத்துப்போனவரிடம் கோபித்துக்கொள்வதைப் போல வீண்வேலை வேறு இல்லை. அதையும் செய்தாள்.

பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, மணி ஒண்ணுக்குத்தானே வருது அந்த பஸ்?"

"ஆமா. பேர் எழுதின அட்டையெல்லாம் வேண்டாம். உனக்கே அடையாளம் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வயசுல பாத்தது." குரலைத் தாழ்த்தினான். "அந்தச் சனியனை எரிச்சுடலாம்னு சொன்னேன், நீ கேக்கல. இப்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிட்ட. அங்க இருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"பொம்மைடா அது."

"உனக்குச் சொல்றது ஈசி. உன்னை அது பாக்கல."

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தபடி இறங்குகிற ஆள். ஆனால் மகளுக்கு இன்றுவரை ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்ததில்லை. அந்தப் பிள்ளை ஐந்தாவது பிறந்தநாளுக்கு அழுது கேட்டதற்கு ஸ்பானர் செட் வாங்கிக் கொடுத்தான். குடும்பமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பெரியவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, கூட்டிட்டு வந்து உன் வாசல்ல விட்டுடுறேன்" என்றான். "பேச மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அவங்க உன்னை என்னடா பண்ணாங்க?"

மறுமுனையில் ஒரு ஸ்பானர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"விட்டுட்டுப் போனாங்க" என்றான் கடைசியில். "கொஞ்ச நாள்ல வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாங்கக்கா. நான் தினம் வாசல்லயே உக்காந்திருந்தேன். பொம்மைக்குப் பயம்தான். ஆனா அவங்களை யாரு போகச் சொன்னா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள், "சூப்பர்வைசர் கூப்பிடுறான்" என்று வைத்துவிட்டான். வைத்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிஷம் அவளுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டாள்.

அவனுக்கு இரண்டு தடவை அம்மா போனாள். இரண்டாவது தடவை பெரியவளின் கையால்.

*

சித்தி வந்தபோது மணி இரண்டு.

கதவுக்கு வெளியே சின்னவனின் ஷூ சத்தம் வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. உள்ளே வந்தது குள்ளமான, ஒடிசலான ஒரு வயதான அம்மாள். முன்னே இத்தனை குள்ளமா? அவளைப் வாசலை அடைக்கிற ஆகிருதியில் அல்லவா இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தாள்!

"நல்லா வளந்துட்டே" என்றாள் சித்தி.

"எனக்கு நாப்பத்து நாலு, சித்தி."

"அதான் சொல்றேன்."

வேறு இடம் இல்லாததால் நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தாள். முட்டியோடு முட்டி இடித்தது. எதிரே உட்கார்ந்தவரின் கண்ணை உற்றுப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

"குட்டி ஒரு வார்த்தை பேசலம்மா. கண்ணாடி வழியா என்னைப் பாத்துக்கிட்டே ஓட்டிக்கிட்டு வந்தான். நான் பாத்தா ரோட்டைப் பாத்துக்குவான்" என்று சிரித்தாள் சித்தி. "தாடைல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. பாப்பா எங்க?"

பெரியவள் பொம்மையை எடுத்துக் கொடுத்தாள். சித்தி அதை வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தலைக்கு. கழுத்து நிற்காத பிள்ளையை வாங்குவது போல. தலையில் வைத்த கை தொப்பி கழன்றிருப்பதை உடனே உணர்ந்தது.

"என்ன இது, தலையைப் பிரிச்சிருக்கே?"

"சொல்றேன். அதுக்குத்தான் உங்களை வீட்டுக்குக் கூப்பிடாம இங்க வரச் சொன்னேன்."

முப்பத்து நாலு வருஷமாகத் தயார் பண்ணிவைத்திருந்த பேச்சு. முதல் வரியே வரவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, பின்னை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். காகிதம் இழுப்பறைக்குள்ளேயே இருந்தது. அதைக் காட்டக்கூடாது என்று காலையிலேயே முடிவு பண்ணிவிட்டாள்.

"இது என்னோடது, சித்தி. இடது கண்ணுக்குப் பின்னால நான்தான் சொருகினேன். கண்ணு மூடாம போனது அதனாலதான். ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சித்தி பின்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டது.

"ஜன்னல்ல உக்காந்திருந்தது?"

"நான்தான்."

"குட்டி தலைமாட்டுல?"

"நான்தான் சித்தி."

"மாடிப்படில..."

"எல்லாமே நான்தான்."

சித்தி பொம்மையின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் சித்தி மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"ஒண்ணுகூட அவ இல்லையா?"

பெரியவளுக்குப் புரியவில்லை.

"கண்ணு மூடாததைப் பாத்து நான் அன்னிக்கு அழுதேன்ல, பயந்து அழறேன்னு எல்லாரும் நினைச்சீங்க" என்றாள் சித்தி. "பயம் எனக்கு எதுக்கு? என் பிள்ளை என்னைத் தேடிக்கிட்டு வந்துட்டாளேன்னு சந்தோஷத்துல அழுதேன். அவளுக்குத் தூக்கமே வராது. ஒத்தைக் கண்ணைத் திறந்துக்கிட்டு அம்மா இருக்காளான்னு பாத்துப் பாத்துத்தான் தூங்குவா. அதே மாதிரி பண்ணுச்சு இது. இத்தனை வருஷமும் அதை வச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன். வீடு போனா என்ன, புருஷன் போனா என்ன, பாப்பா ஒரு தடவை வந்து என்னைப் பாத்துட்டுப் போனாளேன்னு."

தான் பறித்தது சித்தியின் வீட்டை மட்டும்தான் என்று பெரியவள் எண்ணியிருந்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு பாரம் இறங்கும், இரண்டு பேருக்கும் நல்லது என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள். மிச்சமிருந்த ஒன்றையும் இன்றைக்குத்தான் பறித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இதற்கு மன்னிப்பு என்று எந்த வாயால் கேட்பது?

"ஏம்மா பண்ணே?" என்றாள் சித்தி.

"தம்பி உங்களை அம்மான்னு கூப்பிட்டான்."

சித்தி தலையை ஆட்டினாள். "அன்னிக்கு உன்னைத்தான் நான் முதல்ல மடியில போட்டிருக்கணும். பெரியவதானே, புரிஞ்சுக்குவேன்னு விட்டுட்டேன். பத்து வயசு எல்லாம் ஒரு பெரியவளா?"

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது" என்றாள் பெரியவள். யோசிக்கக்கூட இல்லை. உண்மை சொல்லவென்று உட்கார்ந்தவள் வாயிலிருந்து அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது பொய்.

சித்தி தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். விரல் ஒவ்வொரு ஓட்டையாகப் போய், அடுத்ததில் நின்று, அடுத்ததற்குப் போயிற்று. இருந்த சில மாதமும் அந்த வீட்டில் தினமும் நூலுக்கு மெழுகு தடவிக் கொடுத்தவள் அவள். குத்தூசியைச் சூடு காட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

"இது நீ போட்ட ஓட்டை இல்லையேம்மா" என்றாள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. பெரியவள் இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். சித்தி அதைக் கைக்கெட்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தாள்.

"பதினோரு நாள்" என்றாள் பெரியவள். "நீங்க போய்ப் பதினோரு நாள்ல பாத்திருக்கார்."

"பதினோரு நாள்..." சித்தி அதைத் திருப்பிச் சொன்னாள். "நான் ஒரு வருஷம் துணிப்பெட்டியைப் பிரிக்கலம்மா. எப்ப வந்து கூப்பிட்டாலும் கிளம்பணுமேன்னு. என் அக்கா சத்தம் போடுவா, துணியை எடுத்து அலமாரில வையேன்டின்னு. வைக்கல. தினம் பெட்டியிலருந்து எடுத்துக் கட்டி, துவைச்சு, திரும்பப் பெட்டியில வைப்பேன்."

காகிதத்தை மடித்தாள். பழைய மடிப்பு வழியாகவே, பிசகாமல் மடித்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க, சித்தி."

"தெரியலம்மா" என்றாள் சித்தி. அதில் கோபம் இல்லை. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பேன். இன்னிக்குத்தானே சொல்றே. எனக்கும் கொஞ்சம் நாளாகும்."

ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் நகர்ந்திருந்தது. மூன்று அடித்தது. பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலையைத் தைச்சுக் கொடுத்துடுறேன்" என்றாள்.

சித்தி பொம்மையை மடியில் மல்லாத்தினாள். இரண்டு கண்ணும் மெத்தென்று மூடிக்கொண்டன. இமைமயிர் கன்னத்தில் படிந்தது. தொழிலில் ஊறிய பெரியவளின் கண்ணுக்கு அது சரியாக வேலை செய்கிற பொம்மையாகத் தெரிந்தது. சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. இப்படி இவளை நான் பாக்க மாட்டேன். ரெண்டு கண்ணும் மூடி ஒரு தடவை பாத்தாச்சு."

"சித்தி..."

"அந்தப் பின்னைத் திரும்ப வை."

பெரியவள் மேஜைமேல் கிடந்த பின்னைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நீ வச்சதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் கேக்கறேன். எங்க வச்சியோ அங்கயே வை. அது திறந்தே இருக்கட்டும்."

இருபது வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கண் வைத்துவிட்ட கை. இந்த ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துத்தான் வேலை செய்ய முடிந்தது. இடுக்கியால் பின்னைப் பிடித்து, ஈயக் கட்டிக்கு முட்டுக்கொடுத்து, அசைத்துப் பார்த்து, இன்னும் ஒரு நூலிழை தள்ளி வைத்தாள். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குத்தில் செய்த வேலை. இன்றைக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

தைப்பதற்குச் சித்தி விடவில்லை. "நூலைக் குடு" என்று வாங்கினாள். அச்செடுக்க வைத்திருந்த மெழுகுக் கட்டியை மேஜையில் பார்த்துவிட்டு, கேட்காமலே எடுத்து நூலை அதில் மூன்று தடவை இழுத்தாள். பழைய ஓட்டைகள் வழியாகவே தைத்துக்கொண்டு போனாள். கடைசியில் இரட்டை முடிச்சு போட்டு, வாலைத் திரும்ப உள்ளே செருகினாள்.

பொம்மையை மறுபடி மல்லாத்தினாள். வலது கண் மூடியது. இடது கண் திறந்தபடி அவளையே பார்த்தது.

"ம். இப்ப சரி" என்றாள் சித்தி, அதன் நெற்றியை வருடிக்கொண்டு. "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பின்னைச் சொருகும்போது அழுதியே, அது பொய் இல்லையே."

பின்னால் எதுவோ தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பெரியவள் திரும்பினாள்.

சின்னவன் நின்றுகொண்டிருந்தான். சித்தி வண்டியில் மறந்து வைத்துவிட்ட பையைக் கொடுக்க வந்திருக்கிறான். கதவு பாதி திறந்திருந்தது. எத்தனை நேரமாக அங்கே நின்றான் என்று தெரியவில்லை. ஒரு கை தாடையில் இருந்தது, அந்தத் தழும்பின்மேல்.

சித்தியின் மடியில் ஒற்றைக் கண் திறந்து கிடந்த பொம்மையைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்றுதான் பெரியவள் நினைத்தாள். ஓடவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பொம்மை இருக்கிற அறைக்குள் அவன் காலை எடுத்து வைத்தான். சித்தியைப் பார்க்கவில்லை, பொம்மையையும் இப்போது பார்க்கவில்லை. அக்காவை மட்டும் பார்த்தான்.

"எந்தப் பின்னு, அக்கா?" என்றான்.